இடக்கை தூக்கிய பிள்ளைகள்

1

"ஆறின பிறகு எழுதும்" என்று இவர் சொன்னார். என் கணவரைத்தான் சொல்கிறேன். ஆறினால் நான் எழுதமாட்டேன் என்பது எனக்குத் தெரியும். அதனால் அடுப்பில் கறி கொதிக்கும்போதே குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதினால் பனியைப் பற்றியோ ஒட்டகத்தைப் பற்றியோ எழுதுவார்கள் என்று ஊரில் இருக்கும் நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். ஒட்டகத்தை நான் இன்னும் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தூக்கும் கையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நாங்கள் இருப்பது வளைகுடாவில் ஒரு துறைமுக நகரம். இவருக்குத் துறைமுகத்தில் வேலை. எனக்கு ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணித ரீச்சர் வேலை. எங்கள் மகள் வதனிக்குப் பத்து வயது. அவளும் அதே பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். இங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அன்றைக்கு மட்டும் ஆறுதலாகப் புட்டு அவித்து, மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவோம். இரண்டு மாதத்துக்கு முன் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை வதனி கதை தொடங்கினாள்.

"அம்மா, அடுத்த கிழமை அரபுப் பாடம் பாக்க அமைச்சிலையிருந்து இன்ஸ்பெக்டர் வாறாராம்."

"வரட்டும். உனக்கென்ன?"

"எனக்கொண்டுமில்லை. அரபுப் பிள்ளையளுக்குத்தான். ஒவ்வொரு நாளும் பழக்கினம். இன்ஸ்பெக்டர் என்ன கேட்டாலும் எல்லாரும் கை தூக்கவேணும். விடை தெரிஞ்ச ஆக்கள் வலக்கை, தெரியாத ஆக்கள் இடக்கை. உஸ்தாத் வலக்கைக்காரரை மட்டும்தான் கேப்பார். நல்ல ஐடியா, என்னம்மா?"

இவர் சிரித்தார். அந்த யோசனை எனக்குப் புதிதில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் பருத்தித்துறையில் நானே அப்படி இடக்கை தூக்கியிருக்கிறேன். அது தமிழ்ப் பாடத்தில்.

2

1956 இல் எனக்குப் பதினாலு வயது. ஊரில் ஒரு தனியார் பெண்கள் கல்லூரியில் படித்தேன். எங்களுக்குக் கீழே இருந்த வகுப்புகள் ஏற்கனவே தமிழுக்கு மாறிவிட்டன. ஆங்கிலத்தில் படித்த கடைசி வகுப்பு எங்களுடையது. அதில் எங்களுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

ஆங்கிலத்துக்கு மூன்று ரீச்சர்மார் இருந்தார்கள். இலக்கணத்துக்கு ஒருவர், கதை கவிதைக்கு ஒருவர், வாயைத் திறந்து சரியாக உச்சரிக்கப் பழக்குவதற்கென்றே ஒருவர். தமிழுக்கு ஒரு பண்டிதர் இருந்தார். அவர் ஓய்வுபெற்றுப் போனதும் அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. நேரசூசியில் தையல் ரீச்சருக்குக் கொஞ்சம் நேரம் மிச்சம் இருந்தது. தமிழை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். பாவம், நல்ல மனுசி. செய்யுள் பகுதியைத் திறந்தால் அவருக்கே வியர்த்துவிடும். புத்தகத்தை மெல்ல மூடி வைத்துவிட்டு, விளையாட்டுப் போட்டிக்கான கொடிகளை அள்ளி மேசையில் போடுவார். தமிழ்ப் பாடம் முழுக்க நாங்கள் கொடிக்கு விளிம்பு தைப்போம்.

பள்ளிக்கூடங்களைப் பார்வையிட வரும் அதிகாரியை அப்போது வித்தியாதரிசி என்பார்கள். அவர் தமிழ் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும் தையல் ரீச்சர் கண்டுபிடித்ததுதான் இந்தக் கை வித்தை. வீட்டில் தனியாகத் தமிழ் படித்த நாலைந்து பேர் வலக்கை. மற்ற எல்லோரும் இடக்கை. நானும் இடக்கை. வித்தியாதரிசி வந்தார், தூக்கிய கைகளைப் பார்த்தார், மகிழ்ந்தார், போனார். தப்பிவிட்டோம் என்று நாங்கள் அன்றைக்குத் துள்ளினோம். இப்போது நினைத்தால் எனக்குப் பற்றி எரிவது அந்தத் துள்ளலை நினைத்துத்தான்.

அந்த வருஷம்தான் கொழும்பில் சிங்களம் மட்டும் என்ற மொழிச் சட்டம் வந்தது. எங்கள் ஊர் கொந்தளித்தது. என் ஐயா பாய்க்கப்பலுக்குத் தலைவராக இருந்தவர். எங்கள் பக்கத்தில் தண்டையல் என்போம். சோளகம் எழும்புவதையும், கச்சான் திரும்புவதையும், வாடை விழுவதையும் அவர் சொல்லக் கேட்டால் காற்று வீட்டுக்குள் வந்துவிடும். அவ்வளவு தமிழ் அந்த வாயில் இருந்தது. அவரும் ஊர்வலத்துக்குப் போனார். கறுப்புக் கொடி பிடித்துக்கொண்டு போனார். அந்தக் கொடிக்கு விளிம்பு தைத்துக் கொடுத்தது நான்தான். தமிழ்ப் பாடத்தில் நான் உருப்படியாகப் படித்தது அது ஒன்றுதான்.

பின்னேரம் தொண்டை கட்டிப்போய் வந்து இருந்தவரிடம் சொன்னேன்.

"ஐயா, எங்களுக்குத் தமிழ் படிப்பிக்க ஆளில்லை. தையல் ரீச்சர்தான் வாறா."

"தமிழ் வீட்டிலை கிடக்குது பிள்ளை. காசு குடுத்து உன்னை விட்டது இங்கிலீசுக்கு."

தமிழுக்காகக் காலையில் தெருவில் கத்திக் கத்தி அடைத்துப்போன தொண்டையால்தான் அவர் இதைச் சொன்னார். அவர் ஒருவர் மட்டும் இல்லை. ஊரே அப்படித்தான். கொழும்புக்காரன் தமிழைத் தள்ளி வைத்தால் எங்களுக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் கல்லூரி தள்ளி வைத்தபோது கட்டணம் கட்டிவிட்டு வந்தோம். பிறகு நான் பட்டம் பெற்று, சாவகச்சேரியிலும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலும் தனியார் பள்ளிக்கூடங்களில் கணிதம் படிப்பித்தபோதும் இதையே பார்த்தேன். எல்லாம் தமிழிலேயே நடந்த காலத்திலும், தமிழ்ப் பாடத்தை மட்டும் ஆருக்கு வேலை குறைவோ அவரிடம் தள்ளினார்கள். ஒரு வருஷம் அது விளையாட்டு மாஸ்ரரிடம் இருந்தது.

ஐயா செத்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். செத்தவரின் வரலாற்றையும் அவரைப் பற்றிய பாடல்களையும் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுக்கும் புத்தகம் அது. படித்த மகள் நான் இருக்கிறேன் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேனையைப் பிடித்தபடி இரண்டு நாள் இருந்தேன். ஐயாவைப் பற்றி நாலு வரி எனக்குத் தமிழில் எழுத வரவில்லை. கடைசியில் இணுவிலில் ஒரு புலவரைப் பிடித்து எழுதுவித்தோம். ஐயாவை அவர் கண்டதே இல்லை. கற்பகதரு, கலங்கரைவிளக்கம் என்று எழுதித் தந்தார். ஒரு காற்றின் பெயர்கூட அதில் இல்லை. இப்போது நீங்கள் வாசிக்கும் இந்தத் தமிழ், அந்த வெட்கத்தில் நான் முப்பது வயதுக்கு மேல் இருந்து படித்தது.

3

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். முதலாளி இந்த நாட்டு வியாபாரி. தலைமை ஆசிரியை இங்கிலாந்துக்காரி. ஆங்கிலப் பள்ளிக்கூடம்தான், ஆனாலும் அரபுப் பிள்ளைகளுக்கு அரபை முதல் மொழியாகப் படிப்பிக்க வேண்டும் என்பது இங்கத்தைச் சட்டம். அதற்கு இருப்பவர் ஒரே ஒருவர், சூடான் நாட்டு இத்ரீஸ். உஸ்தாத் என்று கூப்பிடுவோம். ஆசிரியர் என்பதுதான் அதன் பொருள்.

இந்த உஸ்தாத்தைப் பள்ளிக்கூடம் என்ன செய்து வைத்திருக்கிறது என்று கேளுங்கள். அலுவலகத்தில் அரபு எழுத வாசிக்கத் தெரிந்தவர் வேறு ஒருவரும் இல்லை. ஆகவே அரசாங்கக் கந்தோர்களுக்குப் போகும் எந்தக் கடதாசியும் அவர் கையில்தான். வெளிநாட்டு ரீச்சர்மாரின் விசா, பள்ளிக்கூட வான் லைசென்ஸ், தண்ணீர் பில், எல்லாம். கந்தோர்கள் காலையில் மட்டும் திறந்திருக்கும். அரபுப் பாடமும் காலையில்தான்.

இந்த வருஷத் தொடக்கத்தில் என் வேலை அனுமதியைப் புதுப்பிக்க அவரோடு நானும் போய் வரிசையில் நின்றேன். ஜன்னலுக்குள் இருந்தவர் என் பாஸ்போர்ட்டைப் பிரட்டிவிட்டு, இலங்கை இந்தியாவின் எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டார். விளங்கப்படுத்த வாயைத் திறக்க முன்னம், போட்டோவில் காது தெரியவில்லை என்று அடுத்த ஜன்னலுக்குத் துரத்தினார். அங்கே நிற்கும்போதுதான் அது பாடநேரம் என்பது எனக்கு உறைத்தது. நானும் உஸ்தாத்தும் கதைப்பது உடைந்த ஆங்கிலம். அதை அப்படியே எழுத எனக்கு மனமில்லை. இங்கே எல்லோரும் எங்கள் தமிழிலேயே கதைக்கட்டும்.

"உஸ்தாத், இப்ப உங்களுக்குப் பாடம் இல்லையோ?"

"இருக்கு. ஐஞ்சாம் வகுப்பு."

"அப்ப ஆர் படிப்பிக்கிறது?"

"ஒருத்தருமில்லை. படம் கீறச் சொல்லிப்போட்டு வந்தனான்."

அந்த ஐந்தாம் வகுப்பில்தான் ஸல்மா படிக்கிறாள். பதினொரு வயது அரபுப் பெண். நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிக்க முன்னமே அவள் வலக்கை மேலே நிற்கும். அப்படி ஒரு பிள்ளையை நான் எந்த ஊரிலும் படிப்பித்ததில்லை. தகப்பன் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுபவர். ஆரம்ப வகுப்புகள் மட்டும் இங்கே, அடுத்த வருஷம் அரசாங்கப் பள்ளிக்கூடம் என்பது அவர்களின் திட்டம். அங்கே சேர அரபில் சோதனை பாஸ் பண்ண வேண்டும். பாஸ் பண்ணாவிட்டால் வீட்டில் தங்கச்சிமாரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான் என்று அவளே எனக்குச் சொன்னாள்.

ஒரு நாள் தடுப்பூசி பற்றி அரபில் ஒரு அறிவித்தல் வந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று ஸல்மாவைக் கேட்டேன். விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். மூன்றாவது சொல்லில் நின்றுவிட்டாள். "மிஸ், இது வேறை அரபு" என்றாள்.

உஸ்தாத்திடம் கேட்டேன். "உண்மைதான். வீட்டிலை கதைக்கிற அரபு வேறை, புத்தகத்து அரபு வேறை. இருத்திப் படிப்பிச்சால்தான் வரும்" என்றார். பருத்தித்துறைப் பேச்சையும் பாடப்புத்தகத் தமிழையும் கண்ட எனக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

4

வதனி சொன்ன கை விஷயத்தைச் சனிக்கிழமையே உஸ்தாத்திடம் கேட்டேன்.

"ஆரின்ரை யோசினை உது?"

"என்ரைதான்" என்றார். பார்வையை எடுக்கவில்லை. "என்னை வகுப்பிலை நிக்க விட்டால் இது தேவையில்லை. விடீனமில்லை. தெரியாத பிள்ளை பெரிய மனுசருக்கு முன்னாலை வெக்கப்படாமல் தப்பவேணுமெல்லோ?"

தையல் ரீச்சரும் இதைத்தான் நினைத்திருப்பார். உஸ்தாத்தைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. நேரே தலைமை ஆசிரியையிடம் போனேன். அமைச்சு ஒவ்வொரு வருஷமும் திருப்திப்பட்டுத்தான் போகிறது என்று அவர் சொன்னார். கணிதத்தில் ஏதும் குறை இருந்தால் மட்டும் தன்னிடம் வரச் சொன்னார்.

ஸல்மாவின் தகப்பனிடம் கதைக்கப்போவதாக வீட்டில் இவரிடம் சொன்னேன்.

"உமக்கேன் உந்த வேலை?" என்றார். "அரபுக்காரன்ரை பிள்ளைக்கு அரபு வருதில்லையெண்டு தமிழச்சி நீர் போய்ச் சொல்லப்போறீரோ?"

"ஓம். வேறை ஆர் சொல்லுறது?"

"அந்த மனுசன் என்னோடை வேலை செய்யிறவன். நாளைக்கு நான் அவன்ரை முகத்திலை முழிக்க வேணும்."

சொன்னேன். ஸல்மாவைக் கூட்டிப்போக வந்த தகப்பனை அடுத்த நாளே வாசலில் மறித்தேன். உங்கள் பிள்ளைக்கு வாசிக்க வராது, அரபுப் பாடத்தில் ஆள் இல்லை, தகப்பன்மார் நாலு பேர் சேர்ந்து கேட்டால் முதலாளி ஆள் போடுவார், சோதனைக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று துறைமுக ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அரபு எங்கடை வீட்டிலை கிடக்குது, மிஸ். காசு குடுத்து விட்டது இங்கிலீசுக்கு."

இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. கடலில் வேலை செய்த இன்னொரு மனிதர், என் ஐயா சொன்னதையே, பாலைவனத்து வெயிலில் நின்று எனக்குச் சொன்னார். உலகத்தில் உள்ள தகப்பன்மார் எல்லோருக்கும் ஆரோ ஒருவர் இதைப் பாடமாக்கிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த இடத்திலேயே நின்று கத்த வேண்டும் போல இருந்தது. அவர் ஸல்மாவின் பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

5

இன்ஸ்பெக்டர் வந்த நாள், வகுப்பில் உள்ள அரபு அல்லாத பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவது என் பொறுப்பு. நான் போய்ச் சேர முன்னமே அவர் உள்ளே இருந்தார். வதனியையும் மற்றவர்களையும் வாசலில் வரிசையாக நிறுத்திவிட்டு, அங்கேயே நின்றேன். முதலாளியும் தலைமை ஆசிரியையும் பின்னால் கதிரையில் இருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் கேட்டார். ஒரு பிள்ளை விடாமல் எல்லோரும் கை தூக்கினார்கள். உஸ்தாத் வலக்கைகளைக் காட்டினார். வீட்டுக்கு ஆள் வைத்துப் படிக்கும் பிள்ளைகள், கடகடவென்று ஒப்புவித்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சந்தோஷத்தில், பழக்கத்தில் இல்லாத ஒன்றை அவர் செய்தார். எல்லாரையும்விட உயரத் தூக்கியிருந்த கையைத் தானே காட்டினார். அது ஸல்மாவின் இடக்கை. நன்றாக உயர்த்தித் தூக்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். சொன்னதை அப்படியே செய்கிற பிள்ளை அவள்.

அவளுடைய மேசையில் புத்தகத்தை விரித்து, வாசிக்கும்படி சைகை காட்டினார். ஸல்மா எழும்பினாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. உஸ்தாத் விரைவாக இருவருக்கும் நடுவில் போய் நின்று ஏதோ சொன்னார்.

"தொண்டை நோவாம்" என்று வதனி என் பக்கத்தில் மெல்லச் சொன்னாள். அரபுப் பிள்ளைகளோடு விளையாடியே அவளுக்குப் பேச்சு அரபு விளங்கும்.

ஸல்மா தன் கையைத் தொண்டையில் வைத்தாள். ஒருவரும் சொல்லாமலே வைத்தாள்.

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை. "அந்தப் பிள்ளைக்குத் தொண்டை நோ இல்லை" என்று ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னேன். "வாசிக்கத் தெரியாது. ஏன் தெரியாது என்று கேளுங்கள்."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, அரபில் ஏதோ கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபத்திலும் பதற்றத்திலும் வாயில் வந்தது, "ஓம்."

முதலில் முதலாளி சிரித்தார். பிறகு இன்ஸ்பெக்டர். பிறகு பிள்ளைகள். அரபு தெரியாத ஒரு பெண் அரபைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டாள் என்ற சிரிப்பு அது. அதோடு நான் சொன்னதும் முடிந்துபோயிற்று. உஸ்தாத் மட்டும் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஸல்மாவின் தலையைத் தடவி, சட்டைப் பையிலிருந்து ஒரு இனிப்பை எடுத்து, தொண்டைக்கு நல்லது என்று கொடுத்துவிட்டு, தேநீர் குடிக்கப் போனார். அறிக்கையில் "மிக நன்று" என்று போட்டதாகத் தலைமை ஆசிரியை அடுத்த நாள் எல்லோருக்கும் சொன்னார்.

இரவுச் சாப்பாட்டில் வதனி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவர் உங்களுக்கு அரபு தெரியுமோ எண்டுதான் கேட்டவர். நீங்கள் ஓம் எண்டிட்டியள்."

"சரி, அதுக்கென்ன?"

"எல்லாரும் என்னை 'ஓம், ஓம்' எண்டு பகிடி பண்ணினம். இனிப் பள்ளிக்கூடத்திலை என்னோடை தமிழ் கதைக்காதேங்கோ, அம்மா."

இன்ஸ்பெக்டரின் சிரிப்பைத் தாங்கினேன். இதைத் தாங்கமுடியவில்லை. இவர் எழும்பிக் கை கழுவப் போனார்.

அந்தக் கிழமைக்குள் முதலாளி கூப்பிட்டார். இந்தத் தவணையோடு என் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கப்போவதில்லை. என் வேலை அனுமதியை ரத்துச் செய்ய வரிசையில் போய் நின்றவர் ஆர் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு காலை முழுக்க நின்றார். ஐந்தாம் வகுப்பு அன்றைக்கும் படம் கீறியது.

6

உங்களில் பலர் வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் இருந்து இதை வாசிப்பீர்கள். உங்கள் பிள்ளைகள் நல்ல பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள், எனக்குத் தெரியும். டாக்டராக, இஞ்சினியராக வருவார்கள். தமிழ்ப் பாடத்துக்கு ஆர் வருகிறார் என்று இன்றைக்குப் பின்னேரம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். தமிழ் வீட்டில் கிடக்கிறது என்று எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். வீட்டில் கிடந்த தமிழை வைத்து என் ஐயாவுக்கு நான் எழுதியது ஒரு வரியும் இல்லை.

நேற்று ஐந்தாம் வகுப்புக்கு என் கடைசிக் கணிதப் பாடம். பின்னக் கணக்கு ஒன்று போட்டேன். கொஞ்சம் கடினமானது, வேண்டுமென்றே போட்டேன். ஸல்மாவுக்காகப் போட்டது. விடை தெரிந்தவர்கள் கை தூக்கச் சொன்னேன்.

இரண்டு மூன்று வலக்கைகள் எழும்பின. ஸல்மாவும் தூக்கினாள். இடக்கை.

அவளுக்குத் தெரியாது என்று நினைத்து, இன்னொரு பிள்ளையைக் கேட்டேன். பிழை. அடுத்த பிள்ளையும் பிழை. அந்த இடக்கை அப்படியே நின்றது.

"ஸல்மா, நீ சொல்லு."

சொன்னாள். சரியான விடை. கணக்கு வந்த வழியையும் சொன்னாள். கையை மட்டும் இறக்கவில்லை.

மணி அடித்து மற்றவர்கள் போன பிறகு அவளை மறித்துக் கேட்டேன். "விடை தெரிஞ்சுகொண்டு ஏன் பிள்ளை இடக்கை தூக்கினனீ?"

இதுகூட விளங்கவில்லையா என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"இடக்கைதான் நல்லது, மிஸ். ஒருத்தரும் கிட்ட வரமாட்டினம். வந்தாலும் இனிப்புத் தந்திட்டுப் போவினம்."